திருத்தந்தையின் மோட்டார் சைக்கிளும் பெத்தானியாவின் நறுமணத் தைலமும்



சில மாதங்களுக்கு முன் மாலைத் திருப்பலி முடிந்து பங்கு இல்லத்திற்குத் திரும்பியபோது, கணவனும் மனைவியுமாக இருவர் நம்மைத் தேடி வந்தனர். கையில் ஒரு சிறிய அட்டைப் பெட்டி. அதனுள் பஞ்சுக்கு நடுவே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு லாக்கெட். கண்ணாடிக்கு அடியில் கறுப்பு நூல் போல ஏதோ ஒன்று சுருண்டு கிடந்தது.

"சாமி, இது புனித கார்லோவோட முடி. இன்டர்நெட்ல வாங்கினோம். கொஞ்சம் மந்திரிச்சுக் குடுங்க" என்றார் அந்தச் சகோதரி.

அவர்களுடைய 14 வயது மகனுக்கு இரத்தப் புற்றுநோய். இத்தாலி நாட்டுச் சிறுவன் கார்லோ அகுதிஸ் 2006ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் தன் 15ஆம் வயதில் இறந்ததும் அதே நோயில்தான். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தபோது, இந்தப் பெற்றோர் அந்த நிகழ்ச்சியை முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். பிறகு இணையத்தில் தேடியிருக்கிறார்கள். மனைவியின் அரைப் பவுன் மோதிரத்தை அடகு வைத்து, 22 ஆயிரம் ரூபாய் அனுப்பி, வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். உண்மையானது என்பதற்கு எந்தச் சான்றிதழும் உடன் வரவில்லை.

அன்று அவர்களுக்கு என்ன சொன்னோம் என்பதைக் கடைசியில் சொல்கிறோம். ஆனால் அந்த லாக்கெட் நம்மைப் பல நாள் விடவில்லை. ஒருவர் தொட்டதால், அணிந்ததால், கையெழுத்திட்டதால் ஒரு பொருளுக்கு விலை ஏறுகிறதே, அது எப்படி? அந்த விலை யாருடையது? இன்று உலகெங்கும் ஆடம்பரப் பொருள்களையும் சேகரிப்புப் பொருள்களையும் சுற்றி ஒரு பெரிய சந்தையே நடக்கிறது. அந்தச் சந்தை நம் திருச்சபையின் வாசலுக்கும் பலமுறை வந்துபோயிருக்கிறது. அதைத்தான் இங்கே சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறோம்.

ஒரு கையெழுத்தின் விலை

2013ஆம் ஆண்டு ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் தன் 110ஆம் ஆண்டு விழாவை உரோமையில் கொண்டாடியது. அப்போது திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்கு ஒரு மோட்டார் சைக்கிளும் தோல் சட்டையும் பரிசாக அளிக்கப்பட்டன. வயது எழுபதைத் தாண்டிய திருத்தந்தை அதில் ஏறிப் போகப்போவதில்லை. வண்டியின் பெட்ரோல் தொட்டியில் 'பிரான்செஸ்கோ' என்று கையெழுத்திட்டு, ஏலத்துக்கு அனுப்பிவிட்டார். 2014ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பாரிஸ் நகரில் போன்ஹாம்ஸ் நிறுவனம் அதை ஏலம் விட்டது. 12 ஆயிரம் முதல் 15 ஆயிரம் யூரோ வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனதோ 2 இலட்சத்து 41 ஆயிரத்து 500 யூரோ! அந்தப் பணம் உரோமையின் தெர்மினி இரயில் நிலையத்தருகே, வீடற்றோருக்காகக் காரித்தாஸ் நடத்தும் தங்கும் விடுதிக்கும் உணவகத்துக்கும் சென்றது.

2017 நவம்பரில் லம்போர்கினி நிறுவனம் தன் ஹுராகான் வகைக் கார் ஒன்றை அவருக்கு அளித்தது. வெண்மை நிறம், மஞ்சள் பொன் கோடுகள். அதன் முன்மூடியிலும் கையெழுத்திட்டு விற்கச் சொன்னார். 2018 மே மாதம் மொனாக்கோவில் 7 இலட்சம் யூரோவுக்கு மேல் விலை போனது. ஈராக்கின் நினிவே சமவெளியில் ஐஎஸ் தீவிரவாதிகளால் துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களின் வீடுகளை மீண்டும் கட்டவும், ஆள்கடத்தலுக்கு உள்ளான பெண்களின் மறுவாழ்வுக்கும், ஆப்பிரிக்காவில் பணிபுரியும் அமைப்புகளுக்கும் அந்தப் பணம் பிரித்தளிக்கப்பட்டது.

இந்த இரண்டையும் படித்து நாம் மகிழ்கிறோம். ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. 2015 செப்டம்பரில் அமெரிக்கா சென்ற திருத்தந்தை, நீளமான கறுப்புக் கார்களின் நடுவே ஒரு சின்ன ஃபியட் 500எல் காரில் பயணம் செய்தார் அல்லவா? ஆடம்பரம் வேண்டாம் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த வண்டி அது. புதிதாக வாங்கினாலே ஏறத்தாழ 20 ஆயிரம் டாலர்தான். பிலதெல்பியாவில் அவர் பயன்படுத்திய அந்தக் கார் 2016 சனவரியில் ஏலம் விடப்பட்டபோது 82 ஆயிரம் டாலருக்குப் போனது. எளிமையின் அடையாளமாக ஏறி அமர்ந்த வண்டியே, அவர் ஏறி அமர்ந்தார் என்பதால் ஆடம்பரப் பொருளாகிவிட்டது! எளிமையைக்கூட இந்த உலகம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விலை சொல்லிவிடும்.

நமது பங்கில் இதைப் பற்றிப் பேசியபோது, மூன்றாம் வரிசையில் எப்போதும் அமர்ந்திருக்கும் ஒரு பாட்டி, "சாமி, போப்பாண்டவர் வித்தது புண்ணியம். வாங்குனவருக்குப் புண்ணியம் உண்டா?" என்று கேட்டார். இறையியல் படித்த காலத்தில் இப்படி ஒரு கேள்வியை எந்தப் பேராசிரியரும் நம்மிடம் கேட்டதில்லை.

பாகற்காய் ஏலம்

அந்தப் பாட்டிக்குப் பதில் சொல்ல நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊர்த் திருவிழாக்களிலும் அறுவடை நாள்களிலும் காணிக்கையாக வரும் சேவல், தேங்காய், வாழைத்தார், பூசணி எல்லாம் திருப்பலிக்குப் பின் ஏலம் விடப்படுவதைப் பார்த்திருக்கிறோம். சந்தையில் 40 ரூபாய் பெறும் பாகற்காய் ஆயிரத்துக்குப் போகும். எடுத்தவர் அதைப் பீடத்தின் முன் திரும்பவும் வைத்துவிட்டு, "மறுபடி ஏலம் விடுங்க" என்பார். இங்கே யாரும் பாகற்காயை வாங்கவில்லை. கொடுக்க நினைத்ததைக் கொடுக்க ஒரு சாக்கு, அவ்வளவுதான். கொஞ்சம் கௌரவமும் கலந்திருக்கலாம். ஊரார் முன் உரக்கக் கூவிக் கொடுப்பதில் வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஆனாலும் பாகற்காய் பாகற்காயாகவே இருக்கிறது. மறுநாள் அது குழம்பாகிவிடும்.

ஹார்லி வண்டியை வாங்கியவரின் உள்ளத்தை நாம் அறியோம். அவரும் கொடுக்க ஒரு சாக்குத் தேடியவராக இருக்கலாம். அல்லது பத்து ஆண்டு கழித்து இரண்டு மடங்கு விலைக்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டவராகவும் இருக்கலாம். ஒரே ஏலத்தில், ஒரே தொகையில், இந்த இரண்டு மனங்களும் ஒன்றுபோலவே தோன்றும். பாட்டியிடம் அன்று சொன்னது இதுதான்: பாகற்காயைத் திரும்ப வைத்தவருக்கு உண்டு, பாகற்காயைப் பெட்டியில் பூட்டி வைத்தவர் தம் பெட்டியிலேயே பலனைப் பெற்றுக்கொண்டார். பாட்டி தலையாட்டினார். ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது.

நம் நாட்டு மண்ணிலும் ஒரு திருத்தந்தையின் கார் இப்படிக் கைமாறியிருக்கிறது. 1964 டிசம்பரில் பம்பாயில் 38ஆவது அனைத்துலக நற்கருணை மாநாடு நடந்தது. இந்திய மண்ணில் கால் பதித்த முதல் திருத்தந்தையான ஆறாம் பவுல் அப்போது பயன்படுத்திய வெள்ளை லிங்கன் காண்டினென்டல் காரை, திரும்பிச் செல்லும்போது அன்னை தெரேசாவிடம் கொடுத்துவிட்டார். அன்னை அதைக் குலுக்கல் சீட்டுப் போட்டு, வந்த பணத்தை ஆசன்சோல் அருகே தொழுநோயாளருக்காக உருவாக்கிய சாந்தி நகருக்குப் பயன்படுத்தினார். காரை நேராக விற்றிருந்தால் இவ்வளவு பணம் வந்திருக்காது என்பதை அவர் நன்கு கணக்கிட்டிருந்தார். புனிதர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைப்பவர்கள் அன்னையின் வாழ்க்கையைச் சரியாகப் படிக்காதவர்கள்.

கழுத்திலிருந்து கழற்றிய சிலுவை

ஆறாம் பவுல் இத்தோடு நிற்கவில்லை. பம்பாய்க்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1964 நவம்பர் 13 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கத் தந்தையர் பார்த்திருக்க, மிலான் மக்கள் தமக்கு அளித்திருந்த மும்முடியைப் பேதுரு பெருங்கோவில் பீடத்தின்மேல் வைத்து, ஏழைகளுக்கென்று துறந்தார். அது பின்னர் அமெரிக்கா சென்றது. வாஷிங்டனில் உள்ள அமல அன்னை தேசியத் திருத்தலத்தில் இன்றும் இருக்கிறது. அவருக்குப் பின் முதலாம் ஜான் பால் முதல் எந்தத் திருத்தந்தையும் முடிசூட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு, 1965 அக்டோபர் 4 அன்று, நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் பொது அவையில் உரையாற்றினார். தமது வைரம் பதித்த மார்புச் சிலுவையையும் மோதிரத்தையும் அப்போதைய பொதுச் செயலர் ஊ தாண்டிடம் கொடுத்து, இவற்றை விற்று உலகின் துன்புறும் ஏழைகளுக்குப் பயன்படுத்துங்கள் என்றார். 1967இல் நியூயார்க்கில் ஏலம் விடப்பட்டு ஏறத்தாழ 64 ஆயிரம் டாலருக்குப் போயின. நோக்கம் நிறைவேறியது. வழக்கமாக மறையுரைகளில் கதை இங்கேயே முடிந்துவிடும். நாமும் முன்பு அப்படித்தான் சொல்லி முடித்திருக்கிறோம்.

ஆனால் சிலுவைக்கும் மோதிரத்துக்கும் கதை அங்கே முடியவில்லை. நகை வணிகர்களின் கைகளில் மாறி மாறி, ஒரு கட்டத்தில் அவை ஈவல் நீவல் என்பவரிடம் வந்து சேர்ந்தன. இளைய தலைமுறைக்கு இவரைத் தெரிந்திருக்காது. வரிசையாக நிறுத்திய கார்களையும் பேருந்துகளையும் மோட்டார் சைக்கிளில் தாண்டிக் காட்டி, எலும்புகளை முறித்துக்கொண்டே புகழ்பெற்ற அமெரிக்க சாகசக்காரர் அவர். சிலுவையும் மோதிரமும் ஏலம் போன அதே 1967இன் கடைசி நாளில்தான், லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றின் நீரூற்றைத் தாண்ட முயன்று, கீழே விழுந்து, உடல் நொறுங்கி மருத்துவமனையில் கிடந்தார். அந்த விழுதலின் படச்சுருள்தான் அவரை நாடெங்கும் பிரபலமாக்கியது. அப்படிப்பட்டவரின் சேகரிப்பில், துன்புறுவோருக்கென்று திருத்தந்தை கழற்றிக் கொடுத்த சிலுவை இருந்தது! 2014இல் அவை ஓர் இணைய ஏலத் தளத்தில் பத்து இலட்சம் டாலருக்கும் அதிக விலை சொல்லி வைக்கப்பட்டன.

ஈவல் நீவலைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. 2007இல், தாம் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், அவரே கிறிஸ்துவை ஏற்றுத் திருமுழுக்குப் பெற்றார். ஆண்டவரின் வழிகள் நமக்கு எட்டாதவை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. 64 ஆயிரம் டாலர் ஏழைகளுக்குச் சென்றது ஒரே ஒருமுறை. அதன்பின் ஏறிய விலையெல்லாம், ஒரு திருத்தந்தை இவற்றை ஏழைகளுக்காகக் கழற்றினார் என்ற அதே காரணத்தால் ஏறிய விலை. அந்த ஏற்றத்தில் ஏழைக்குப் பங்கில்லை. தியாகமும் விளம்பரமாகும் என்பதைச் சந்தை நமக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது.

இதை அறிந்துதானோ என்னவோ, திருத்தந்தை பிரான்சிஸ் தம் கடைசி மாதங்களில் வேறொரு வழியில் சென்றார். 2014இல் பெத்லகேம் சென்றபோது அவர் பயன்படுத்திய திறந்த வாகனத்தை விற்கச் சொல்லவில்லை. காசாவின் குழந்தைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியாக மாற்றும்படி காரித்தாஸ் அமைப்பிடம் ஒப்படைத்தார். 2025 ஏப்ரல் 21இல் அவர் இறந்த பிறகே, மே மாதத்தில் செய்தி வெளியானது. ஊசி, மருந்து, காயம் கட்டும் துணி ஏற்றிய வண்டியை எந்தச் சேகரிப்பாளர் தேடுவார்?

பூட்டி வைத்த பொம்மைகள்

மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் பைகளில் இப்போது கூர்மையான பற்களுடன் சிரிக்கும் ஒரு பொம்மை தொங்குவதைப் பார்க்கிறோம். பெயர் லபுபு. ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த காசிங் லுங் என்ற ஓவியர் 2015இல் தம் படக்கதை நூல்களுக்காக உருவாக்கிய உருவம் இது. 2019 முதல் சீனாவின் பாப் மார்ட் நிறுவனம் அதைப் பொம்மையாக விற்கிறது. 2024இல் பாடகி லிசா கையில் அது தென்பட்ட பிறகு உலகமே அதன் பின்னால் ஓடத் தொடங்கியது. 2025 மே மாதம் பிரித்தானியாவில் கடை வாசலில் வாடிக்கையாளர்கள் அடித்துக்கொள்ளும் நிலை வந்ததால், நிறுவனமே கடை விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தியது. அடுத்த மாதம் பெய்ஜிங்கில் ஆளுயர லபுபு ஒன்று 10 இலட்சம் யுவானுக்கு மேல் ஏலம் போனது.

இதில் பெற்றோர் அறிய வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. பொம்மை மூடிய பெட்டியில் வருகிறது. உள்ளே எது இருக்கிறது என்று வாங்கும்வரை தெரியாது. சில வரிசைகளில் 72 பெட்டிக்கு ஒன்றில் மட்டும் அரிய 'இரகசிய' பொம்மை இருக்கும். பிள்ளை பெட்டிக்குப் பெட்டி பொம்மை வாங்குவதாக நாம் நினைக்கிறோம். அது சீட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. சீன அரசே 2023இல் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இத்தகைய பெட்டிகளை விற்கக் கூடாது என்று விதி வகுத்தது.

அதிர்ஷ்ட விளையாட்டுகள் தம்மிலே நீதிக்கு எதிரானவை அல்ல, ஆனால் தமக்கும் பிறருக்கும் தேவையானதை ஒருவரிடமிருந்து பறிக்கும்போது ஏற்க முடியாதவை ஆகின்றன என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2413) தெளிவாகக் கூறுகிறது. அன்னை தெரேசாவின் குலுக்கலும் நம் திருவிழாக் குலுக்கலும் இந்த அளவுகோலுக்கு உட்பட்டவைதாம். முதல் பரிசு என்று சலவை இயந்திரத்தின் படம் போட்டு, கூலி வேலை செய்யும் வீட்டில் பத்துச் சீட்டுப் புத்தகத்தைத் திணித்துவிட்டு வரும்போது, நாமும் இதே பாவத்தின் விளிம்பில் நிற்கிறோம். பிள்ளையின் லபுபுவைக் கண்டிக்கும் முன் இதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இது இன்று தொடங்கிய பித்து அல்ல. 1990களில் அமெரிக்காவில் பீனி பேபி என்ற சின்னப் பொம்மைகள் வந்தன. விலை ஐந்து டாலர் அளவுதான். டை என்ற அந்த நிறுவனம் ஒரு தந்திரம் செய்தது. சில பொம்மைகளுக்கு 'ஓய்வு' கொடுத்துவிட்டதாக அறிவிக்கும். இனி வராது என்றதும் விலை பறக்கும். 1997 ஏப்ரலில் மெக்டொனால்ட்ஸ் உணவகம் குழந்தைகள் உணவுடன் அவற்றைக் கொடுத்தபோது, ஏறத்தாழ 10 கோடி பொம்மைகள் இரண்டே வாரத்தில் தீர்ந்தன. பொம்மையை எடுத்துக்கொண்டு உணவைக் குப்பையில் போட்டவர்கள் இருந்தார்கள். 1999இல் லாஸ் வேகாஸ் நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற்ற கணவனும் மனைவியும் தரையில் குந்தி அமர்ந்து, நீதிபதியின் முன்னிலையில் ஒவ்வொன்றாகப் பீனி பேபிகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்த்தால் சிரிக்கத் தோன்றாது. சில ஆண்டுகளிலேயே சந்தை சரிந்தது. பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்தவர்களிடம் மிஞ்சியது, பெயர்ச்சீட்டு மடங்காமல் பிளாஸ்டிக் உறையிட்ட, எந்தக் குழந்தையும் கட்டிப்பிடித்துத் தூங்காத பொம்மைகள்.

பூச்சியும் துருவும் அழிக்கும் செல்வத்தைப் பற்றி ஆண்டவர் பேசினார் (மத் 6:19). இங்கே பூச்சி அரிக்கவில்லை, துரு பிடிக்கவில்லை. பொம்மைகள் புத்தம் புதியதாகவே இருந்தன. மற்றவர்களின் ஆசை வற்றியது, அவ்வளவுதான். விலை அதோடு போய்விட்டது. ஏனெனில் அந்த விலை பொம்மைக்குள் ஒருபோதும் இருந்ததில்லை. 'உன்னிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது' என்பதுதான் அதன் விலை.

உடைந்த சிமிழ்

இப்போது நற்செய்திக்கு வருவோம். பெத்தானியாவில் விருந்து. ஒரு பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின்மேல் ஊற்றுகிறார் (மாற் 14:3-9, யோவா 12:1-8). அதை முந்நூறு தெனாரியத்துக்கு மேல் விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று முறுமுறுப்பு எழுகிறது. ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஓய்வுநாள்களையும் விழா நாள்களையும் கழித்தால், ஏறத்தாழ ஓர் உழைப்பாளியின் ஆண்டு வருமானம் நொடியில் தரையில் வழிந்தோடியது. ஆண்டவரோ அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார்.

திருத்தந்தையர் தம் பொருள்களை விற்றது சரி என்றால், யூதாசு சொன்னதும் சரிதானே என்று சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. தயங்காமல் கேட்கப்பட வேண்டியதும்கூட.

முதலாவது, விற்கச் சொன்னவர் யார் என்று பாருங்கள். ஆறாம் பவுல் தம் கழுத்திலிருந்ததைக் கழற்றினார். யூதாசு அந்தப் பெண்ணின் கையிலிருந்ததை விலை பேசினான். அடுத்தவருடைய அன்பை விலைக்கணக்குப் போடுவது ஏழைகள்மேல் உள்ள அக்கறையாகிவிடாது. பணப்பை அவனிடம் இருந்தது என்பதை யோவான் நினைவூட்டத் தவறவில்லை.

இரண்டாவது, ஏழைகள் எப்போதும் உங்களோடு இருப்பார்கள் என்று ஆண்டவர் சொன்னதைப் பலர் ஒரு கைகழுவலாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்தச் சொற்கள் இணைச்சட்டம் 15:11இன் எதிரொலி. அங்கே, நாட்டில் ஏழைகள் இல்லாமற்போவதில்லை, ஆகவே உன் கையைத் தாராளமாகத் திற என்றே கட்டளை தொடர்கிறது. கேட்டுக்கொண்டிருந்த யூதர்களுக்கு மிச்சப் பகுதி மனப்பாடம். நமக்கு மட்டும்தான் மறந்துவிட்டது.

மூன்றாவதுதான் நமக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பெண் படிகச் சிமிழை உடைத்தார் என்கிறார் மாற்கு. மூடியைத் திறந்து கொஞ்சம் ஊற்றிவிட்டு மீதியைப் பத்திரப்படுத்தவில்லை. உடைந்த சிமிழை மீண்டும் விற்க முடியாது. மெசியாவின் தலையில் ஊற்றிய சிமிழ் இதுதான் என்று யாரும் ஏலம் கூறவும் முடியாது. அந்த விலையுயர்ந்த பொருள் முற்றிலும் செலவழிந்து போனது. ஆடம்பரமா என்றால், ஆம். சேகரிப்பா என்றால், இல்லை. அதே நிகழ்வின் மறுபக்கமாக, யூதாசு அடுத்துச் செய்தது ஒரு விற்பனை.

நம் திருப்பலியிலும் இதுவே நடக்கிறது. அப்பம் பிட்கப்பட்டுப் பகிரப்படுகிறது. முதல் வரிசையில் நிற்பவருக்குக் கிடைப்பது எதுவோ அதுவேதான் கடைசியில் ஓடி வருபவருக்கும். அரிது என்பதால் அங்கே எதுவும் மதிப்புப் பெறுவதில்லை.

புனிதருடைய முடிக்கு விலை உண்டா?

திருப்பண்டங்களை வணங்கும் வழக்கமே இந்தச் சேகரிப்புப் பித்தின் பழைய வடிவம்தானே என்று பிற சபைச் சகோதரர்கள் நம்மைக் கேலி செய்வதுண்டு. வெளித்தோற்றத்தில் ஒற்றுமை இருப்பதை மறுக்க முடியாது. புனிதரின் உடலின் பகுதி முதல் வகை, அவர் பயன்படுத்திய பொருள் இரண்டாம் வகை, அவற்றைத் தொட்டு எடுத்த துணி மூன்றாம் வகை என்று நாம் சொல்லி வந்திருக்கிறோம். நடிகர் அணிந்த சட்டை, விளையாட்டு வீரர் தொட்ட பந்து என்று ஏலக் கடைக்காரர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் வகை பிரிக்கிறார்கள். பவுலின் உடலில் பட்ட கைக்குட்டைகளைக் கொண்டுபோய் நோயாளர் குணமடைந்ததைத் திருத்தூதர் பணிகள் நூல் (19:12) சொல்கிறது. அங்கே யாரும் அவற்றை விற்கவில்லை. விலைக்கு வாங்க வந்தவன் சீமோன். கடவுளின் கொடையைப் பணத்தால் பெறலாம் என்று நினைத்ததற்காகப் பேதுரு அவனைக் கடுமையாகக் கண்டித்தார் (திப 8:18-24).

நம்மில் சீமோன்கள் இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. 386ஆம் ஆண்டிலேயே பேரரசர் தியோதோசியு காலத்துச் சட்டம் மறைச்சாட்சியரின் உடல்களை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்ய வேண்டியிருந்தது. ஊர் ஊராகச் சுற்றி மறைச்சாட்சியரின் உறுப்புகளை விற்ற போலித் துறவிகளைப் பற்றிப் புனித அகுஸ்தீன் எழுதியபோது, அவை மறைச்சாட்சியருடையவையாக இருந்தால் என்று ஒரு குத்தலும் சேர்த்துக்கொண்டார். 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம் மீண்டும் தடுத்தது. இன்றைய திருச்சபைச் சட்டம் எண் 1190, திருப்பண்டங்களை விற்பதை முற்றிலும் விலக்குகிறது. 2017இல் புனிதர் பட்ட நிலைகளுக்கான பேராயம் வெளியிட்ட வழிமுறையும் அதையே வலியுறுத்துகிறது. இத்தனை முறை தடை செய்ய வேண்டியிருந்தது என்பதே நம் வரலாறு எவ்வளவு சுத்தம் என்பதைக் காட்டிவிடுகிறது.

புனித கார்லோவின் முடி என்று சொல்லப்பட்டவை 2025இல் இணையத்தில் ஏலம் விடப்பட்டு, விலை 2 ஆயிரம் யூரோவைத் தாண்டியபோது, அசிசி பேராயர் தொமேனிக்கோ சொரெந்தினோ காவல்துறையில் புகார் கொடுத்தார். உண்மையோ பொய்யோ, விற்பதே தவறு என்பதே அவர் நிலைப்பாடு. முறையாகத் திருப்பண்டம் வேண்டுவோர் மறைமாவட்டத்தின் வழியாக, புனிதர் பட்டப் பணிக்குப் பொறுப்பானவர்களைக் கேட்டுப் பெறலாம். முத்திரையிட்ட பேழையும் சான்றிதழும் உடன் வரும். பேழைக்கான செலவைக் காணிக்கையாக ஏற்பதுண்டு. திருப்பண்டத்துக்கு விலை கிடையாது.

இதையெல்லாம் அன்று அந்தப் பெற்றோரிடம் நாம் சொல்லவில்லை. சொல்லும் நேரம் அதுவல்ல. மோதிரத்தை அடகு வைத்தவர்களிடம் சட்ட எண் சொல்லி என்ன பயன்? லாக்கெட்டை மந்திரிக்க முடியாது என்பதை மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. அது உண்மையானதா என்று நமக்குத் தெரியாது என்றோம். "அப்ப ஏமாந்துட்டோமா சாமி?" என்று அந்தத் தந்தை கேட்டார். விற்றவர் ஏமாற்றியிருக்கலாம், ஆனால் நீங்கள் வேண்டிக்கொண்டதைப் புனித கார்லோ ஏற்கெனவே கேட்டுவிட்டார், அதற்கு 22 ஆயிரம் தேவைப்படவில்லை என்றோம். அந்தச் சகோதரி நெடுநேரம் அழுதார். சரியாகத்தான் சொன்னோமா என்று அன்றிரவு நமக்கும் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை நோயில்பூசுதல் எண்ணெயுடன் அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். பையன் கட்டிலில் சாய்ந்து அமர்ந்திருந்தான். தலையில் முடி இல்லை. நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசி முடித்ததும், "ஃபாதர், கார்லோ வீடியோ கேம் எல்லாம் விளையாடுவாராமே, நெசமா?" என்று கேட்டான். விளையாடுவார், ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் என்று தமக்குத் தாமே வரம்பு வைத்திருந்தாராம் என்றோம். அவன் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "ஒரு மணி நேரமா?" என்று முகத்தைச் சுளித்தான். அவர் சிரித்தார். லாக்கெட் இப்போது நமது பூசைப்பொருள் அறையில் ஓர் இழுப்பறைக்குள் இருக்கிறது. அவர்கள் அதைத் திரும்பக் கேட்கவில்லை. மோதிரத்தை மீட்க வின்சென்ட் தே பவுல் சபையினர் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.